சிரிப்பு எங்கே நின்றது?
எகிப்தின் ‘எல் பெர்னாமெக்’ நிகழ்ச்சி – ஒரு மதிப்பீடு

அங்கதத்தை இரண்டாகப் பிரித்து வைத்தார் தொல்காப்பியர். குற்றத்தை நேராகச் சொல்லிப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்து வைத்து மேலுக்கு வேறொன்றைச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்கு நம் தமிழாசிரியர்கள் தவறாமல் காட்டும் பாட்டு, புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி, பீலி அணிந்து, காவல் மனையில் பளபளவென்று இருப்பதைப் புகழ்கிறார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்டவனுக்குப் புகழ்ச்சி, யோசித்தவனுக்கு உதை!

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இந்தப் பாகுபாடு, அறுபது வயதுக்கு மேல் ஒரு அரபுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என் தங்கை மகன் 2012 முதல் 2014 வரை கெய்ரோவில் வேலை பார்த்தான். விடுமுறைக்கு தில்லி வந்தபோது, “மாமா, இதைப் பாருங்க. நம்ம ஊர்ல இப்படி ஒருத்தன் செஞ்சா என்ன ஆகும்னு சொல்லுங்க” என்று கணினியில் போட்டுக் காட்டினான். ஆங்கில எழுத்துகள் கீழே ஓடின. அரை மணி நேரம் பார்ப்பதாக உட்கார்ந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

அறுவைச் சிகிச்சை மேசையிலிருந்து செய்தி மேசைக்கு

நிகழ்ச்சியின் பெயர் ‘எல் பெர்னாமெக்’. பொருள் வேறொன்றுமில்லை, ‘நிகழ்ச்சி’ என்பதுதான். நடத்தியவர் பாசெம் யூசெப். 1974இல் கெய்ரோவில் பிறந்தவர். தொழிலால் இதய அறுவைச் சிகிச்சை மருத்துவர். 2011 ஜனவரியில் ஹோஸ்னி முபாரக்கின் முப்பதாண்டு ஆட்சிக்கு எதிராக தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் திரண்டபோது, அங்கே அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களில் அவரும் ஒருவர்.

சதுக்கத்தில் தம் கண்ணால் கண்டது ஒன்று. வீட்டுக்கு வந்து அரசுத் தொலைக்காட்சியைப் போட்டால் சொல்வது வேறொன்று. இந்த வித்தியாசம்தான் அவரை உறுத்தியது. 2011 மார்ச்சில், வீட்டில் துணி துவைக்கும் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா வைத்துச் சில நிமிடங்கள் ஓடும் படங்களை எடுத்து யூடியூபில் போட்டார். சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். அதே ஆண்டு ஓ.என்.டி.வி. என்ற தனியார் அலைவரிசை அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 2012 நவம்பரில் சி.பி.சி. அலைவரிசைக்கு மாறினார். கெய்ரோவின் நடுநகரில் இருந்த பழைய திரையரங்கு ஒன்றைப் புதுப்பித்து, பார்வையாளர்களை எதிரில் உட்கார வைத்து நடத்தத் தொடங்கினார். அந்த அலைவரிசையில் வந்த முதல் நிகழ்ச்சியிலேயே அதே அலைவரிசையின் மற்றப் பேச்சாளர்களைக் கிண்டல் செய்தார். சம்பளம் கொடுப்பவனிடமிருந்தே ஆரம்பித்த துணிச்சல் அது.

“வெள்ளிக்கிழமை ராத்திரி ஆச்சுன்னா காப்பிக் கடையில உட்கார இடம் கிடைக்காது மாமா. கிரிக்கெட் மேட்ச் மாதிரி” என்றான் தங்கை மகன். வாரம் 3 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்லப்பட்டது. எட்டரைக் கோடி அளவு மக்கள் இருந்த நாட்டில் இது சாமானியமான செய்தி அல்ல.

இரண்டு வகை அரபு, ஒரு கத்தரிக்கோல்

நிகழ்ச்சியின் கட்டு எளிமையானது. அமெரிக்காவில் ஜான் ஸ்டூவர்ட் நடத்திய ‘தி டெய்லி ஷோ’வைப் பார்த்துக் கற்றது என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. தலைவர் ஒருவர் பேசிய துண்டுப் படம் ஓடும். முடிந்ததும் காமிரா இவர் முகத்துக்கு வரும். ஒரு புருவம் மட்டும் மேலே போகும். அரங்கம் அதிரும். அடுத்து அதே தலைவர் ஆறு மாதத்துக்கு முன் நேர் எதிராகப் பேசிய துண்டு. நகைச்சுவையில் பாதியை அரசியல்வாதிகளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இவர் கத்தரிக்கோலை மட்டும் வைத்திருக்கிறார்.

ஆனால் அமெரிக்காவில் இல்லாத ஒன்று இதில் உண்டு. அதைத் தமிழர்களாகிய நாம் மற்றவர்களைவிட எளிதில் பிடித்துக்கொள்வோம். நம்மைப் போலவே அரபு மொழிக்காரர்களுக்கும் எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு. செய்தி வாசிப்பவரும், மேடை ஏறும் தலைவரும், மசூதியில் உரை செய்பவரும் இலக்கண அரபில் பேசுவார்கள். காய்கறிக்காரனும் டாக்ஸி ஓட்டுநரும் கெய்ரோப் பேச்சில் பேசுவார்கள். பாசெம் யூசெப் கோட்டும் டையும் போட்டு, செய்தி வாசிப்பவரின் மேசையில் உட்கார்ந்துகொண்டு, தெருப் பேச்சில் பேசினார். வானொலியில் ‘செய்திகள் வாசிப்பது’ என்று ஆரம்பித்தவர், திடீரென்று “என்னய்யா கதை விடறே?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கணத்தில் அதிகாரத்தின் ஜரிகை வேட்டி கழன்று விழுகிறது. மொழிபெயர்ப்பில் பார்க்கும்போதும் குரல் மாறும் இடம் நமக்குத் தெரிகிறது. நிகழ்ச்சியின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து.

தொப்பி

2012 ஜூன் 30 அன்று முகமது மோர்ஸி எகிப்தின் அதிபரானார். மக்கள் சுதந்திரமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர். முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்தவர். பெற்ற வாக்கு 51.7 சதவிகிதம். பாசெம் யூசெப்பின் மேசையில் அவர் தினமும் காய்ச்சப்படும் பாலாக ஆனார். மோர்ஸியின் முகம் அச்சிட்ட சிவப்பு இதயத் தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாடியது பெரிய கலகலப்பாயிற்று. பேச்சு வன்முறையில் இறங்கிய மதபோதகர்களின் அலைவரிசைகளையும் அவர் விடவில்லை. ‘மதத்தைக் கேலி செய்கிறான்’ என்றார்கள். ‘நானும் முஸ்லிம்தான், மதத்தை விற்பவர்களைத்தான் கேலி செய்கிறேன்’ என்பது அவருடைய நிலையாக இருந்தது.

2013 மார்ச்சில் மோர்ஸி பாகிஸ்தான் சென்று கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்தோடு ஒரு தொப்பியும் வைத்தார்கள். அந்தத் தொப்பியைப் பல மடங்கு பெரிதாகச் செய்து தலையில் மாட்டிக்கொண்டு வந்தார் இவர். அந்த மாதக் கடைசியில், இஸ்லாத்தையும் அதிபரையும் அவமதித்ததாகவும் பொய்ச் செய்தி பரப்பியதாகவும் வந்த புகார்களின்மேல் கைது ஆணை பிறந்தது. மறுநாள் தாமே விசாரணை அலுவலகத்துக்குப் போனார், தலையில் அதே தொப்பியோடு! உள்ளே போலீஸ்காரர்கள் தம்மோடு படம் எடுத்துக்கொள்ள நிற்கிறார்கள் என்று அங்கிருந்தே ட்விட்டரில் செய்தி போட்டார். 15,000 எகிப்தியப் பவுண்டு ஜாமீனில் வெளியே வந்தார். நிகழ்ச்சியைத் தடை செய்யக் கோரிய வழக்கைச் சில நாட்களில் நீதிமன்றம் தள்ளியது. அந்த ஜூனில் ஜான் ஸ்டூவர்ட்டே கெய்ரோவுக்கு வந்தார். பிடிபட்ட அந்நிய உளவாளிபோல முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி அவரை மேடைக்கு இழுத்து வந்தார்கள்.

இதெல்லாம் செம்பொருள் அங்கதம். ஆள் யார், குற்றம் என்ன, எல்லாம் வெட்டவெளிச்சம். மோர்ஸி அரசு அவரை விசாரணைக்கு இழுத்தது, மிரட்டிப் பார்த்தது. அது பெரிய தவறு. அதைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நிகழ்ச்சி அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சாக்லேட்

2013 ஜூன் 30 அன்று மோர்ஸிக்கு எதிராகப் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது. ஜூலை 3 அன்று இராணுவம் அவரை இறக்கியது. ஆகஸ்ட் 14 அன்று ராபா சதுக்கத்தில் கூடியிருந்த அவருடைய ஆதரவாளர்களைக் கலைத்தபோது நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். நாட்டின் உண்மையான அதிகாரி இப்போது தளபதி அப்தெல் பத்தா எல்-சிசி. கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அவர் படம். சாக்லேட்டில்கூட அவர் முகம்.

பல மாத இடைவெளிக்குப்பின் 2013 அக்டோபர் 25 அன்று நிகழ்ச்சி திரும்பியது. நாடு முழுவதும் எதிர்பார்த்தது ஒரே கேள்விக்குப் பதிலை: இவன் சிசியைத் தொடுவானா?

பாசெம் யூசெப் சிசியைத் திட்டவில்லை. அவர் பேச்சை வெட்டி ஒட்டவில்லை. தொப்பியும் இல்லை, தலையணையும் இல்லை. சிசி முகம் போட்ட சாக்லேட்டைக் காட்டினார். அதை வாங்கித் தின்பவர்களைக் காட்டினார். எகிப்து நாடே ஒரு பெண்ணாகத் தொலைபேசியில் வந்து, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய இராணுவ அதிகாரியின்மேல் தனக்கு வந்த மயக்கத்தைச் சொல்வதாக ஒரு காட்சி. அவ்வளவுதான். தளபதி அங்கே ஒரு சிரிப்புப் பொருளே அல்ல. சிரிப்புக்கு ஆளானவர்கள் அவரைக் கும்பிட்டவர்கள்.

ஔவையார் செய்ததும் இதைத்தானே? மேலுக்குப் புகழ்ச்சி, உள்ளே குத்தல். பழிகரப்பு அங்கதத்துக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மோர்ஸிமேல் எறிந்தது கல் என்றால் இது ஊசி. ஆனால் கல்லெறிந்தபோது நிற்காத நிகழ்ச்சி, ஊசி குத்தியதும் நின்றது.

தங்கை மகன் அன்று தன் வீட்டுக்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தானாம். ஊரடங்கு இருந்த காலம், காப்பிக் கடைக்குப் போக முடியாது. “தொப்பி நிகழ்ச்சிக்கு அந்தப் பெரியவர் விழுந்து விழுந்து சிரிச்சார் மாமா. டீ கொட்டிப்போச்சு. சாக்லேட் நிகழ்ச்சிக்கு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டார். ‘இது சிரிக்கற நேரமில்லப்பா’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். அவர் வீட்டு மேசையிலயும் அந்த சாக்லேட் இருந்துச்சு.”

மறுநாளே சி.பி.சி. நிறுவனம் நிகழ்ச்சியிலிருந்து விலகி நின்று அறிக்கை விட்டது. அடுத்த வாரம் நவம்பர் 1, ஒளிபரப்பு நேரம் நெருங்கியபோது, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது என்று அறிவித்தது. கைது ஆணை இல்லை, நீதிமன்றம் இல்லை, தணிக்கை அதிகாரி என்று யாரும் வந்ததாக இல்லை. வேலையைச் செய்தது அலைவரிசை நிர்வாகம். அதற்குத் தைரியம் கொடுத்தது, சிரிக்க மறுத்த வீட்டுக் கூடங்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை என்றது தமிழகச் சட்டமன்றம். ஊரே கொதித்தது, இரண்டே நாளில் அவர் வெளியே வந்தார். வாசகர்கள் பத்திரிகையின் பக்கம் நின்றார்கள். கெய்ரோவில் 2013 அக்டோபரில் நடந்தது இதன் மறுபக்கம். பார்வையாளர்களில் பெரும்பகுதி தன் கலைஞனைக் கைவிட்டது.

கோஃப்தா

2014 பிப்ரவரியில் சவூதி முதலாளிகளின் எம்.பி.சி. மஸ்ர் அலைவரிசையில் மூன்றாவது வாழ்வு தொடங்கியது. அதே மாதம் எகிப்திய இராணுவம், எய்ட்ஸையும் ஹெபடைட்டிஸ்-சி நோயையும் குணப்படுத்தும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. கண்டுபிடித்தவர், நோயாளியின் உடம்பிலிருந்து எய்ட்ஸை எடுத்து, அதையே கோஃப்தாவாக அவனுக்குச் சாப்பிடக் கொடுப்பேன் என்ற பாணியில் பேசினார். நம் வடநாட்டு விருந்துகளில் சாப்பிடுகிறோமே, அதே கோஃப்தாதான்.

எகிப்து, ஹெபடைட்டிஸ்-சி உலகிலேயே மிக அதிகமாகப் பரவியிருந்த நாடுகளில் ஒன்று. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். இங்கேதான் பாசெம் யூசெப் என்ற கோமாளிக்கு உள்ளே இருந்த மருத்துவர் வெளியே வந்தார். வாரக்கணக்கில் அந்தக் கருவியை விடாமல் பிடித்துக்கொண்டார். எந்த ஆய்விதழில் வந்தது, யார் மேல் சோதித்தீர்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்க வைத்தார். ஜூன் 30 அன்று தொடங்கும் என்ற சிகிச்சை, நாள் நெருங்கியதும் தள்ளிவைக்கப்பட்டது. நிகழ்ச்சியின் மிக உயர்ந்த பகுதி எது என்று கேட்டால், தொப்பியைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். கேலியால் ஒரு நோயாளி ஏமாறாமல் தப்பினால் அதைவிட அங்கதத்துக்கு என்ன பயன் வேண்டும்?

தேர்தலைக் காரணம் காட்டி ஏப்ரலில் நிகழ்ச்சியை இடைநிறுத்தினார்கள். மே மாதம் சிசி ஏறத்தாழ 97 சதவிகித வாக்குகளோடு அதிபரானார். 2014 ஜூன் 2 அன்று பாசெம் யூசெப் செய்தியாளர்களைக் கூட்டி, நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 51.7 சதவிகித அதிபரின் காலத்தில் ஓடியது, 97 சதவிகித அதிபரின் காலத்தில் ஓட முடியவில்லை என்ற கணக்கை வாசகர்கள் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பழைய அலைவரிசையோடு இருந்த வழக்கில் கோடிக்கணக்கான பவுண்டு கட்டும்படி தீர்ப்பு வந்ததும் அந்த ஆண்டிலேயே நாட்டை விட்டு வெளியேறினார். பிறகு அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மேடை நகைச்சுவை செய்யத் தொடங்கினார்.

குறைகள்

இத்தனை சொன்னதால் குறையே இல்லை என்று பொருள் அல்ல. முதலாவது, இரட்டை அர்த்தப் பேச்சு. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாத இடங்கள் நிறைய. அரங்கத்தின் கைதட்டலுக்காகச் சேர்த்தவை என்று பார்த்தவுடன் தெரியும். அங்கதம் ஆபாசத்தைத் துணைக்குக் கூப்பிடும்போது, எதிராளிக்கு எளிதான சாக்கு ஒன்றைத் தானே கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது, 2014இல் தாம் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வேறொருவர் எழுத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டது வெளிப்பட்டு, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்தவர் பொய்யைத் துண்டு துண்டாகக் காட்டியவருக்கு இது அழகல்ல. மன்னிப்பைச் சுற்றி வளைக்காமல் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதுதான் கனமானது. மோர்ஸியை வாரா வாரம் கோமாளியாக்கி, இராணுவம் வருவதற்கு இவர்தான் பாதை போட்டார் என்கிறார்கள். இதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். மோர்ஸியின் ஆதரவாளர்களை மனிதர்களாகவே பார்க்காத மனநிலை வளர்ந்ததில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் இராணுவம் வந்த பிறகு, ‘நம் பக்கத்து வெறியும் வெறிதான்’ என்ற பொருளில் எழுதியவரும் அவரே. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி ஆட்சியைக் கவிழ்க்கிறது என்பது அதற்கு அளவுக்கு மீறிய மரியாதை. அது செய்வது ஒன்றுதான்: நாம் எங்கே சிரிக்கிறோம், எங்கே வாயை மூடிக்கொள்கிறோம் என்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

நம் மேடை

இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள், ‘கெய்ரோ கதை நமக்கெதற்கு?’ என்று கேட்கலாம். எனக்குத் தேவைப்பட்டது. காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் சிலர், செய்தி வாசிப்பதுபோல ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். தண்ணீர் லாரி, ரேஷன் கடை, போன தேர்தலில் தோற்ற குழு என்று எல்லாரையும் வாரினார்கள். முன்வரிசை குலுங்கியது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அடுத்த ஆண்டு ஒத்திகை பார்க்கப் போனேன், அப்போது நான் விழாக் குழுவில் இருந்தேன். இந்தத் தடவை பிள்ளைகள் எடுத்துக்கொண்டது, எங்கள் எல்லாருக்கும் பிரியமான ஒரு பெரியவரைப் பற்றிய விஷயம். அவரைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மாலை போட நாங்கள் முண்டியடிப்பதைத்தான் நடித்துக் காட்டினார்கள். மாலையோடு ஓடி வந்து தடுக்கி விழுந்த பையன், அசப்பில் என்னைப் போலவே நடந்தான்.

“தம்பி, எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. இது ஒண்ணு மட்டும் வேண்டாம்பா” என்றேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பெரியவருக்கு விஷயமே தெரியாது. தெரிந்திருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார். பிள்ளைகள் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு நாடகம் சப்பென்று போயிற்று. அதற்கடுத்த ஆண்டு, ‘நேரமில்லை அங்கிள்’ என்றார்கள். வெளி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், யாரும் கட்டாயப்படுத்தாமல் தமிழில் எழுதி, தமிழில் நடித்தது அந்த இரண்டு ஆண்டுகள்தான். இப்போது அவர்கள் விழாவுக்கு வருவது சாப்பாட்டு நேரத்தில்.

தங்கை மகன் அந்த வீட்டுக்காரர் கதையைச் சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மேசைமேல் சாக்லேட்டை வைத்துக்கொண்டு முகம் தொங்கிய அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆண்டு விழாவில் பிள்ளைகள் யாராவது மறுபடி நாடகம் போட முன்வந்தால், மாலையோடு ஓடி வந்து விழும் வேடத்தை நானே போட்டுக்கொள்ளத் தயார் என்று இங்கே எழுத்தில் கொடுத்து வைக்கிறேன்.